காசிமேட்டில் புதிய சிமென்ட்: மேஸ்திரி அப்பாவிடம் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: சிவில் பொறியியல் முடித்துவிட்டுக் காசிமேட்டில் அப்பாவோடு சேர்ந்து வீடு கட்டும் ஒப்பந்த வேலை செய்கிறேன். அப்பா முப்பது வருட மேஸ்திரி. இப்போது கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் தரைத்தளமும் அதன்மேல் இரண்டு மாடியுமாக ஒரு வீட்டை எடுத்திருக்கிறோம். எங்கள் பக்கத்தில் பத்துப் பதினைந்து வருடத்திலேயே சன்ஷேடு பிளந்து கம்பி வெளியே தெரிகிறது. இந்த வீட்டுக்கு அந்தக் கதி வரக்கூடாது என்பதற்காக, கல்லூரியில் கேள்விப்பட்ட எல்.சி.3 சிமென்ட் (சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் கலந்தது), ஜியோபாலிமர் கான்கிரீட் (சிமென்டுக்குப் பதில் சாம்பலும் ரசாயனமும் சேர்த்துச் செய்வது) இரண்டையும் பற்றிப் பேசினேன். "ஆய்வுக்கூடத்தில் உடைத்துப் பார்த்தவர்கள் வந்து நம் சென்ட்ரிங்கைப் பிரிப்பார்களா?" என்று அப்பா கேட்கிறார். வீட்டுக்காரரோ 53 கிரேடு தவிர வேறு மூட்டை இறங்கக்கூடாது என்கிறார். சாம்பல் சிமென்ட், ஸ்லாக் சிமென்ட் (இரும்பாலைக் கசடு கலந்தது) என்றாலே கலப்படம் என்கிறார். தெருவுக்குள் ரெடிமிக்ஸ் வண்டி நுழையாது, மிக்சர் போட்டுத்தான் கலக்க வேண்டும். போர் தண்ணீர்தான் இருக்கிறது. எல்.சி.3 என்றால் கடைக்காரருக்கே தெரியவில்லை. இவ்வளவு ஆய்வும் ஏன் எங்கள் தெருவுக்கு வந்து சேர்வதில்லை? நான் எதிலிருந்து தொடங்க வேண்டும்? கான்கிரீட்டின் வலிமையைச் சோதிக்கும் கட்டிகளை வார்க்க, கியூப் அச்சு சொந்தமாக வாங்கலாமா?

— காசிமேடு வாசகர்

பதில்:

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்திலேயே கனமான கேள்வி அப்பா கேட்டதுதான். அதைப் பிடிவாதம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். கான்கிரீட் ஆய்வுகள் ஏன் தெருவுக்கு வருவதில்லை என்பதற்குப் பாதி விடை அதில் இருக்கிறது.

கான்கிரீட்டுக்கான இந்திய விதிநூல் ஐ.எஸ். 456. அதில் சென்ட்ரிங், அதாவது கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் பலகைகளும் முட்டுகளும், பிரிப்பதற்கு ஓர் அட்டவணை உண்டு. தூண், சுவர் ஆகியவற்றின் பக்கப் பலகைகளை 16 முதல் 24 மணி நேரத்தில் எடுக்கலாம். நாலரை மீட்டர் வரை இடைவெளி உள்ள தளத்தின் முட்டுகள் 7 நாள் நிற்க வேண்டும், அதற்கு மேல் போனால் 14 நாள். ஆறு மீட்டர் வரையிலான பீமின் முட்டுகளும் 14 நாள். அப்பா அந்தப் பக்கத்தைப் புரட்டியிருக்க மாட்டார், ஆனால் இந்த நாள் கணக்கு அவருக்கு மனப்பாடம். பலர் கவனிக்காத ஒன்று என்னவென்றால், அந்த அட்டவணை சாதாரண போர்ட்லண்ட் சிமென்டுக்கு மட்டுமே எழுதப்பட்டது. வேறு சிமென்ட் போட்டால் நாளைத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள் என்று அதே இடத்தில் ஒரு வரி இருக்கிறது. எத்தனை நாள் என்று சொல்லவில்லை. பிரிக்கும் நேரத்தில் கான்கிரீட்டின் மேல் விழப்போகும் அழுத்தத்தைப்போல் இரண்டு மடங்கு வலிமை அதற்கு வந்திருக்க வேண்டும் என்பதுதான் பொது விதி. அந்த வலிமை எந்த நாளில் வரும் என்பதைக் கண்டு சொல்ல வேண்டியவர் பொறியாளர்.

சிறிய வேலைகளில் அந்தப் பொறியாளர் வரைபடத்தில் கையெழுத்திட்டதோடு சரி. வேலையிடத்தில் நிற்பவர் அப்பா. சாம்பலோ ஸ்லாக்கோ கலந்த கலப்பு சிமென்ட் மெதுவாக இறுகும். முட்டுகள் இன்னும் ஒரு வாரம் நிற்க வேண்டும் என்றால் தகடுக்கும் ஜாக்கிக்கும் ஒரு வார வாடகை கூடும். அதற்குள் சென்ட்ரிங் ஆட்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். மேல் மாடித் தூண் தள்ளிப்போகும், வீட்டுக்காரரிடமிருந்து வர வேண்டிய அடுத்த தவணையும் தள்ளிப்போகும். எந்த ஆய்வுத்தாளிலும் இந்த வாடகைக் கணக்கு இருக்காது. அவசரப்பட்டுப் பிரித்துத் தளம் தொய்ந்தால் வசவு வாங்குபவரும் ஆய்வாளர் அல்ல. ஆகவே புதிய சிமென்டின் விலையை மூட்டையோடு நிறுத்திப் பேசாதீர்கள், முட்டு வாடகையையும் சேர்த்துப் பேசுங்கள். அப்பா காது கொடுப்பார்.

அவர் புதியது எதையும் ஏற்காதவர் என்று நான் நம்பவில்லை. அவருடைய முப்பது வருடத்தில் டார் கம்பி போய் டி.எம்.டி வந்தது. ஆற்று மணல் போய், ஆலையில் கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் வந்தது. எம்-சாண்டை மேஸ்திரிகள் எப்படித் திட்டினார்கள் என்று அவரையே கேட்டுப் பாருங்கள்: கரணைக்கு வழங்காது, தண்ணீர் குடிக்கிறது, தூசு என்று என்னென்னவோ சொன்னார்கள். இன்று அது இல்லாமல் ஒரு வேலையும் நடப்பதில்லை. கருத்தரங்கம் நடத்தி யாரும் அதைக் கொண்டுவரவில்லை. ஆற்று மணல் கிடைக்காமல் போனது, விலை ஏறியது, ஐ.எஸ். 383 விதிநூல் 2016-ல் ஆலை மணலுக்கு இடம் கொடுத்தது, லாரி வாசலில் வந்து நின்றது. பக்கத்து வேலையில் போட்டு ஒன்றும் ஆகவில்லை என்பதைக் கண்ணால் பார்த்த பிறகு எல்லோரும் மாறினார்கள். கட்டட வேலையில் ஒரு பொருள் நுழைவதற்கு இவை எல்லாம் வேண்டும்: சரக்கு கையில் கிடைக்க வேண்டும், விதிநூல் அதைச் சொல்ல வேண்டும், கெட்டுப்போனால் யார் பொறுப்பு என்பது தெரிந்திருக்க வேண்டும், பக்கத்தில் ஒருவர் செய்து காட்டியிருக்க வேண்டும். இப்போது எல்.சி.3-க்கு விதிநூல் இருக்கிறது, உங்கள் தெருவில் மற்ற மூன்றும் இல்லை.

அதனால் என் யோசனை உங்களுக்குச் சற்று ஏமாற்றமாகத்தான் இருக்கும். இந்த வீட்டுக்கு எல்.சி.3-ஐத் தேடி அலைய வேண்டாம். ஆய்வு எப்போதோ முடிந்து, விதிநூலில் ஏறி, கடையிலும் கிடைத்து, காசிமேட்டுக்கு மட்டும் இன்னும் வந்து சேராத பொருள் ஒன்று இருக்கிறது. ஸ்லாக் சிமென்ட்.

2000-ல் வெளிவந்த ஐ.எஸ். 456-ஐ எடுத்துக் கடல்நீர் பற்றிய பகுதியை வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டுங்கள். கடற்கரையை ஒட்டி நேரடியாகக் கடல் சூழலுக்கு ஆட்படும் கம்பிக் கான்கிரீட் குறைந்தது எம்30 தரமாக (28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் தாங்குவதாக) இருக்க வேண்டும் என்கிறது. அதற்கு அடுத்த வரி, இத்தகைய இடங்களில் ஸ்லாக் சிமென்டோ பொசொலானா சிமென்டோ நல்ல பலன் தரும் என்கிறது. பொசொலானா சிமென்ட் என்பது அவர் முகம் சுளிக்கும் அதே சாம்பல் சிமென்ட்தான். விதிநூலே பரிந்துரைப்பதை அவர் கலப்படம் என்கிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, 53 என்ற எண்ணை அவ்வளவு அழகாக விற்றுவைத்திருக்கிறார்கள். அந்த எண்ணுக்குப் பொருள் இவ்வளவுதான்: அந்த சிமென்டில் செய்த சோதனைக் கட்டி 28 நாளில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 53 நியூட்டன் அழுத்தத்தையாவது தாங்க வேண்டும். உப்பை அது எவ்வளவு தடுக்கும் என்பதைப் பற்றி அந்த எண் ஒன்றும் சொல்வதில்லை.

சன்ஷேடு பிளப்பது சுமை தாங்காமல் அல்ல. காற்றிலும் தண்ணீரிலும் வரும் குளோரைடு உப்பு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே மெல்ல உள்ளே போகிறது. கம்பியைத் தொட்டதும் அதன் மேலிருக்கும் காப்புப் படலம் உடைகிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வது, ஆகவே உள்ளிருந்து தள்ளி மேல் கான்கிரீட்டைப் பெயர்த்துவிடுகிறது. இரும்பாலையின் ஊதுலையில் கிடைக்கும் ஸ்லாக்கை அரைத்துச் சேர்க்கும்போது இரண்டு நன்மைகள். சிமென்ட் நீரோடு சேரும்போது உண்டாகும் சுண்ணாம்போடு அது வினைபுரிந்து நுண்துளைகளைச் சுருக்குகிறது. அதிலிருக்கும் அலுமினா குளோரைடில் ஒரு பகுதியைப் பிடித்துக் கட்டிவைக்கிறது. ஐ.எஸ். 455 முத்திரையுள்ள ஸ்லாக் சிமென்டில் 25 முதல் 70 சதவீதம் வரை ஸ்லாக் இருக்கலாம். ஆலையிலேயே கலந்து மூட்டையாக வருவதை வாங்குங்கள். ஸ்லாக் பவுடரைத் தனியாக வாங்கி மிக்சரில் கொட்டுவதெல்லாம் ரெடிமிக்ஸ் ஆலையில் தராசு வைத்துச் செய்யும் வேலை.

யாராவது கடலோரம் என்றால் சல்பேட் எதிர்ப்பு சிமென்ட்தான் போட வேண்டும் என்று சொன்னால் கேட்காதீர்கள். நம் ஊரில் இது அடிக்கடி காதில் விழுகிறது. சல்பேட்டைத் தடுப்பதற்காக அந்த சிமென்டில் ஒரு வகை அலுமினேட்டைக் குறைத்திருப்பார்கள். குளோரைடைப் பிடித்துவைப்பதும் அதே அலுமினேட்தான். கம்பிக்கு எமன் குளோரைடு என்றால் அந்த சிமென்ட் அங்கே சரிவராது.

மூட்டை மாறினால் கண்ணுக்குத் தெரியும் மாற்றங்களை அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஸ்லாக் சிமென்ட் வெளிறிய நிறத்தில் இருக்கும். தூண் பலகையைப் பிரிக்கும்போது உள்ளே நீலமும் பச்சையும் கலந்த சாயல் தெரியலாம். சொல்லிவைக்காவிட்டால் அன்றைக்கே வேலை நின்றுவிடும், மூட்டையில் ஏதோ கலந்துவிட்டார்கள் என்று தெருவே கூடிவிடும். காற்று பட்டதும் சில நாளில் அந்தச் சாயல் போய்விடும், கெடுதல் இல்லை. கான்கிரீட் இறுகத் தொடங்குவதும் சற்றுத் தாமதமாகும். மதியத்துக்கு மேல் கடற்காற்று எழும்பி மேற்பரப்பை உலர்த்துவதற்குள் தேய்த்து முடிக்க வேண்டுமானால் தளத்தை அதிகாலையில் தொடங்க வேண்டும்.

இனி தண்ணீர். இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் பின்பற்றுவதாக இருந்தால் இதைப் பின்பற்றுங்கள்.

போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து ஏதேனும் ஒரு பரிசோதனைக்கூடத்துக்கு உடனே கொண்டுபோங்கள். கம்பிக் கான்கிரீட்டுக்கான தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக்கூடாது. வடசென்னையில், அதிலும் மீஞ்சூர் வரை, நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியிருப்பது பல காலமாகத் தெரிந்த செய்தி. உங்கள் போரில் லிட்டருக்கு 3000 மில்லிகிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கனமீட்டர் கான்கிரீட்டுக்கு 180 லிட்டர் ஊற்றினால் அதிலேயே 540 கிராம் குளோரைடு உள்ளே போய்விடும். சிமென்ட், மணல், ஜல்லி எல்லாம் சேர்த்து ஒரு கனமீட்டருக்கு விதிநூல் அனுமதிப்பதே 600 கிராம். வெளியிலிருந்து உப்பு வரட்டும் என்று காத்திராமல் நாமே ஊற்றிக் கலந்துவிடுகிறோம். அப்படி ஒரு கலவைக்கு எந்த நாட்டு ஆய்வாளரின் சிமென்டும் உதவாது. கலப்பதற்கும் முதல் சில நாள் க்யூரிங்குக்கும் (நனைத்து வைப்பதற்கும்) லாரி தண்ணீர் வாங்குங்கள். அந்தச் செலவை மதிப்பீட்டில் தனி வரியாகவே காட்டிவிடுங்கள். கடற்காற்றில் கிடந்து உப்பு படிந்த கம்பியையும் கட்டுவதற்கு முன் அதே நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

அடுத்தது அளவு. 1:1½:3 என்று பெட்டியால் அளந்து போடும் கலவைக்கு விதிநூல் எம்20 வரைதான் இடம் கொடுக்கிறது. அதிலேயே மூட்டைக்கு 30 லிட்டர் தண்ணீர். உங்களுக்கு வேண்டியது எம்30, தண்ணீர் சிமென்ட் விகிதம் 0.45-ஐத் தாண்டக்கூடாது. அதாவது 50 கிலோ மூட்டைக்கு இருபத்திரண்டரை லிட்டர், அதுவும் மணலில் இருக்கும் ஈரத்தையும் சேர்த்து. எம்-சாண்ட் பெரும்பாலும் கழுவி ஈரமாகவே வருகிறது. ஒரு மூட்டைக்குப் போகும் 100 கிலோ மணலில் 4 சதவீதம் ஈரம் என்றால் 4 லிட்டர் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது, நீங்கள் ஊற்ற வேண்டியது பதினெட்டரைதான். மிக்சர்காரர் இதைப் பார்த்துச் சிரிப்பார், மண் மாதிரி வருகிறதே என்பார். அதற்குத்தான் பிளாஸ்டிசைசர், தண்ணீரைக் கூட்டாமலே கலவையை இளக்கும் திரவம். மூட்டைக்கு எவ்வளவு என்று கலவை வடிவமைப்பில் எழுதி வாங்கி, அளவுக் குவளையில் ஊற்றுங்கள். தண்ணீருக்கு எல்லாத் தளத்திலும் கிடக்கும் 20 லிட்டர் பெயின்ட் வாளியே போதும். உட்புறத்தில் கோடு கிழித்து, அந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது என்று ஒருவரை அங்கேயே நிறுத்துங்கள். மணல், ஜல்லிப் பெட்டிகளைத் தினமும் காலையில் ஒரு தடவையாவது நிறுத்துப் பாருங்கள். மீன் சந்தை நடக்கும் காசிமேட்டில் தராசுக்குப் பஞ்சம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

பிறகு கவர், அதாவது கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் நடுவிலுள்ள கான்கிரீட்டின் தடிமன். தூணுக்கும் சன்ஷேடுக்கும் அடியில் ஜல்லித் துண்டை வைத்துக் கம்பியைத் தூக்கும் வழக்கம் அப்பாவிடம் இருந்தால், சண்டை போட வேண்டிய இடம் அதுதான், சிமென்ட் அல்ல. கடலோரக் கடுமையான சூழலில் வெளிப்புற உறுப்புகளுக்கு 45 மில்லிமீட்டர் கவர் வேண்டும். உப்பு உள்ளே ஊடுருவும் காலம் கவரின் வர்க்கத்தை ஒட்டியே போகும். 20 மில்லிமீட்டரை 40 ஆக்கினால் உப்பு கம்பியை எட்டும் காலம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். இவ்வளவு பெரிய லாபத்தை எந்த மூட்டையும் அந்த விலைக்குத் தராது. கம்பியைத் தூக்கி நிறுத்தும் கவர் பிளாக்கை அதே கலவையில் வார்த்துத் தண்ணீரில் ஊறவையுங்கள், மெலிந்த சிமென்ட் வில்லைகள் உப்புக்கு வாசல் திறந்துவிடும். ஆனால் மெல்லிய சன்ஷேடில் 45 விட்டால் கம்பி நடுவுக்கு வந்துவிடும். தடிமனை மாற்ற வேண்டியிருக்கும். அதைக் கட்டமைப்புப் பொறியாளரிடம் கேட்டு வரைபடத்திலேயே திருத்தி வாங்குங்கள், தளத்தில் நீங்களாக முடிவு செய்யாதீர்கள். பூச்சிட்ட கம்பி பற்றியும் யாராவது சொல்வார்கள். வளைக்கும்போதும் இழுக்கும்போதும் பூச்சு கீறினால் துரு முழுவதும் அந்தக் கீறலில் போய்க் குவியும், நம் தளங்களில் கம்பி படும் பாட்டுக்கு நான் அதைச் சிபாரிசு செய்வதில்லை.

க்யூரிங் பற்றிச் சுருக்கமாக. சாதாரண சிமென்டுக்குக் குறைந்தது 7 நாள், கலப்பு சிமென்டுக்கு 10 நாள், முடிந்தால் 14 என்கிறது விதிநூல். ஆய்வுக்கூடத்துக் கட்டி 27 டிகிரித் தண்ணீரில் 28 நாளும் மூழ்கிக் கிடக்கிறது, நம் தூணுக்கு மாலையில் ஒரு குடம். ஆய்வுத்தாள் சொல்லும் பலன் அந்தத் தண்ணீரோடு சேர்ந்த பலன். ஸ்லாக், சாம்பல், எல்.சி.3 மூன்றும் மெதுவாக வினைபுரிபவை, நான்காம் நாள் காயவிட்டால் மேல்தோல் துளையோடு நின்றுவிடும். தளத்தில் பாத்தி கட்டுங்கள், தூணுக்குச் சாக்கு சுற்றி மேலே பாலிதீன் போர்த்துங்கள்.

எல்.சி.3 பற்றி நீங்கள் ஆசையாகக் கேட்டதால் சொல்கிறேன். சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பக் கழகத்தில் காரென் ஸ்க்ரீவனர் குழுவும், கியூப நாட்டு ஆய்வாளர்களும், சென்னை உள்ளிட்ட நம் ஐ.ஐ.டி.களும் பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்த விஷயம் அது. பரவலாகச் சோதிக்கப்பட்ட கலவையில், சாதாரண சிமென்டின் முக்கியப் பகுதியான கிளிங்கர் பாதிதான். சுட்ட களிமண் 30 சதவீதம், சுண்ணாம்புக்கல் 15, மீதி ஜிப்சம். கிளிங்கருக்கு உலை 1450 டிகிரி வரை போக வேண்டும், களிமண்ணுக்கு 700 முதல் 850 டிகிரி போதும். கரியமில வாயு 30 முதல் 40 சதவீதம் குறைகிறது. குளோரைடைத் தடுப்பதில் அது கெட்டிக்காரன், உங்கள் கடற்கரைக்கு ஏற்றது. 2023-ல் ஐ.எஸ். 18189 என்ற எண்ணில் இந்தியத் தரமும் வந்துவிட்டது. கயோலின் நிறைந்த வெள்ளைக் களிமண் நெய்வேலிப் பக்கத்திலேயே உண்டு.

அப்பாவுக்கு இது புதுமையாகவும் தோன்றாது. சுட்ட செங்கல்லை இடித்துச் சுண்ணாம்போடு சேர்த்த சுர்க்கி அவர் காதில் விழுந்திருக்கும். 1895-ல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பிலும் சுர்க்கியிலும் எழுந்ததுதான். சுட்ட களிமண் சுண்ணாம்போடு சேர்ந்து இறுகும் என்ற அந்த அறிவைத்தான் ஆய்வாளர்கள் நுணுக்கமாக்கியிருக்கிறார்கள். சென்னைக்கும் இதில் ஒரு பழைய கணக்கு உண்டு. 1904-ல் இந்தியாவில் போர்ட்லண்ட் சிமென்ட் செய்யும் முதல் முயற்சி இங்கேதான் நடந்தது, அதுவும் கிளிஞ்சலை வைத்து. வியாபாரமாக நிலைக்கவில்லை. பத்து வருடம் கழித்துப் போர்பந்தரில்தான் தொழில் காலூன்றியது. செய்யத் தெரிவதற்கும் விற்கத் தெரிவதற்கும் நடுவில் எப்போதும் சில வருடங்கள் கிடக்கும்போலும்.

நாளைக்கு உங்கள் கடையில் எல்.சி.3 மூட்டை இறங்கினால், ஐ.எஸ். 18189 என்ற தர எண் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். சுட்ட களிமண் நிறையத் தண்ணீர் கேட்கும், கலவையின் இளக்கம் சீக்கிரம் போய்விடும். ஆகவே பிளாஸ்டிசைசர் இல்லாமல் அதைத் தொடாதீர்கள், மிக்சர்காரர் கூடுதலாகத் தண்ணீர் வாளியைத் தூக்குவதற்கு அதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. களிமண்ணில் இரும்பு இருந்தால் சிமென்ட் இளஞ்சிவப்பாக வரும். செம்மண் கலந்துவிட்டான் என்ற பேச்சுக்குத் தயாராக இருங்கள்.

ஜியோபாலிமருக்கு இந்த வீட்டில் இடமில்லை. சாம்பலோடு காஸ்டிக் சோடாவும் சோடியம் சிலிக்கேட்டும் சேர்த்துச் செய்வது அது. காஸ்டிக் சோடாக் கரைசல் தோலைப் பொசுக்கும், கண்ணில் பட்டால் பார்வை போகும். வெறுங்காலோடு கலவை சுமக்கும் சித்தாள்கள் நிற்கும் தளத்தில் அதை வாளியில் வைக்க நான் ஒப்பமாட்டேன். சாம்பல் மட்டும் என்றால் பெரும்பாலும் 60 டிகிரிச் சூட்டில் வேகவைக்கவும் வேண்டும். தொழிற்கூடத்தில் வார்க்கும் பொருள்களுக்கு இது நன்றாகப் பொருந்தும். தரமணியிலுள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம் இதில் நிறையச் செய்திருக்கிறது. ஜியோபாலிமர் பேவர் கல் நல்ல பரிசோதனைச் சான்றோடு கிடைத்தால் வாசலில் போட்டுக்கொள்ளுங்கள்.

சாம்பல் என்றதும் இன்னொன்று. எண்ணூரிலும் அத்திப்பட்டிலும் சாம்பல் மலையாகக் கிடக்கிறது, லாரியில் சல்லிசாகக் கிடைக்கும் என்று யாராவது சொல்வார்கள். சிமென்டோடு சேரத் தகுந்தது அனல்மின் நிலையத்தில் உலர்ந்த நிலையில் பிடித்து, ஐ.எஸ். 3812-ன்படி சோதித்த மெல்லிய சாம்பல். குட்டையில் தேங்கிய சாம்பல் பருமனானது, வினைபுரியும் திறன் குறைந்தது. கடற்கரைப் பகுதிக் குட்டை என்றால் உப்பும் கலந்திருக்கக்கூடும். நிரப்பு மண்ணாக அதைப் பேசலாம், கான்கிரீட்டுக்குள் பேசக்கூடாது. வீட்டுக்காரர் சாம்பல் சிமென்ட் என்று பயப்படுவது இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான்.

இந்த வீட்டில் ஸ்லாக் சிமென்டைக் கீழிருந்து மேலே கொண்டுபோங்கள். முதலில் அடித்தள மட்டக் கான்கிரீட், பிறகு ஃபுட்டிங் (தூணின் அடிப்பாதம்), தரைமட்டத்துக்குக் கீழுள்ள தூண், பிளிந்த் பீம் (தரைமட்டத்தில் ஓடும் பீம்). உப்புத் தண்ணீர் அதிகம் தாக்குவதும் அங்கேதான், முட்டு பிரிக்கும் அவசரம் இல்லாததும் அங்கேதான். மண்ணுக்குள் ஈரமும் நிற்கும். அப்பா அந்தக் கலவையைக் கரணையால் தொட்டுப் பார்ப்பார், இறுகும் நேரம் அவர் கைக்குப் பழகும், கியூப் முடிவும் வந்துவிடும். அதன் பிறகு மேல் தூண், சன்ஷேடு. தளத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே எத்தனை நாள் முட்டு நிற்க வேண்டும் என்பதைக் கட்டமைப்புப் பொறியாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். அப்பா கேட்டாரே, யார் வந்து பிரிப்பார்கள் என்று. அவருக்கு நீங்கள் காட்ட வேண்டிய பதில் அந்தத் தாள்.

வீட்டுக்காரரோடு போடும் ஒப்பந்தத்திலும் எழுதுங்கள்: எந்தத் தர எண் சிமென்ட், எந்தத் தண்ணீர், எத்தனை நாள் க்யூரிங், கூடுதல் முட்டு வாடகை யார் கணக்கு. வாய்ச் சொல்லில் ஓடும் வேலையில் புதிதாக ஒன்றைச் செய்தால் கெட்டது எல்லாம் அந்தப் புதியதன் தலையில்தான் விழும். சுவரில் ஓதம் ஏறினாலும் ஸ்லாக் சிமென்ட்தான் காரணம் என்பார்கள். அவர் கடைசிவரை 53-லேயே நின்றால், தண்ணீரையும் கவரையும் க்யூரிங்கையும் விட்டுக்கொடுக்காமல் 53-லேயே கட்டுங்கள். கவனமில்லாமல் போட்ட ஸ்லாக் கான்கிரீட்டைவிட அது மேல்.

கியூப் அச்சு: வாங்குங்கள். 150 மில்லிமீட்டர் இரும்பு அச்சு பன்னிரண்டு இருந்தால் நல்லது. ஆயிரம் சதுர அடித் தளம் ஐந்து அங்குலத்தில் ஏறக்குறைய 12 கனமீட்டர் வரும். அந்த அளவுக்கு விதிநூல் இரண்டு மாதிரி கேட்கிறது, மாதிரிக்கு மூன்று கட்டி, ஆக 28 நாளுக்கு ஆறு. ஸ்லாக் என்பதால் 56 நாளுக்கு மூன்று சேர்த்துக்கொள்ளுங்கள். இவற்றைத் தொட்டித் தண்ணீரில் போடுங்கள். மீதி மூன்றைத் தொட்டியில் போடாமல் தளத்தின் மேலேயே, தளத்துக்குக் கிடைக்கும் அதே தண்ணீரில் வைத்து, முட்டு பிரிப்பதற்கு முதல் நாள் உடைத்துப் பாருங்கள். தொட்டிக் கட்டி சிமென்டைப் பற்றிச் சொல்லும், மேலே கிடந்த கட்டிதான் உங்கள் தளத்தைப் பற்றிச் சொல்லும். ஒவ்வொன்றும் 8 கிலோவுக்கு மேல் இருக்கும், பைக்கில் கொண்டுபோனால் ஈரச் சாக்கில் சுற்றிக் கட்டுங்கள், முனை உடைந்தால் முடிவு கெடும். தேதியைச் சாக்பீஸில் எழுதாதீர்கள், தொட்டியில் அழிந்துவிடும். வார்த்த சில மணி நேரத்தில் ஆணியால் கீறிவிடுங்கள். அந்த வேலையை அப்பாவிடமே கொடுங்கள்.